ஒரே வாரத்தில் ஐந்து மீன்: நோய் கடையிலிருந்து வந்ததா, வீட்டில் வந்ததா?

கேள்வி: மகளின் ஏழாவது பிறந்தநாளுக்காக ஒரு சனிக்கிழமை இரண்டடி கண்ணாடித் தொட்டியும் பன்னிரண்டு மீன்களும் வாங்கினோம். ஆறு மோலி, நான்கு கப்பி, இரண்டு கோல்டு ஃபிஷ். மூன்றாம் நாள் மோலிகளின் மேல் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கடையில் சொன்னதும் லேபிள் இல்லாத சின்னப் பாட்டிலில் நீல மருந்து கொடுத்து, "பத்துச் சொட்டு விடுங்க, சரியாயிடும்" என்றார்கள். விட்டோம். தண்ணீர் கலங்கிய மாதிரி இருந்ததால் அன்றிரவே முழுவதையும் கொட்டிவிட்டு, கல், ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயில் நன்றாகக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். காலையில் மூன்று மீன் செத்துக் கிடந்தன. அடுத்த இரண்டு நாளில் இன்னும் இரண்டு. மிச்சம் ஏழு. கடைக்காரர் "உங்க தண்ணி சரியில்ல" என்கிறார். என் கணவர், கடையில் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறார். யார் சொல்வது சரி? மீதியைக் காப்பாற்ற முடியுமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? ஒரு வெள்ளை மோலிக்கு வயிறு வேறு வீங்கிக்கொண்டே வருகிறது. மகள் தொட்டிப் பக்கமே வர மாட்டேன் என்கிறாள்.

— வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதம் வந்த அன்றே "மருந்தை நிறுத்துங்கள், தீனியை நிறுத்துங்கள், ஏர் பம்பை இரவிலும் ஓடவிடுங்கள்" என்று மூன்று வரி எழுதி அனுப்பினேன். நீங்கள் உடனே செல்பேசியில் படமும் வீடியோவும் எடுத்து, மற்ற விவரங்களையும் எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அந்தப் படங்களையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கணவரும் கடைக்காரரும் ஆளுக்குப் பாதி சரி. வெள்ளைப் புள்ளி கடையிலிருந்துதான் வந்திருக்கிறது. ஆனால் அந்த இரவில் மூன்று மீனைக் கொன்றது புள்ளியாக இருக்க வாய்ப்பு குறைவு. கழுவியதுதான் கொன்றிருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே காரியத்தைச் செய்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் மாதத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள்.

முதலில் கடைப் பக்கம். கோவைக் கடைகளுக்கு வரும் மோலி, கப்பியெல்லாம் பெரும்பாலும் சென்னை கொளத்தூர் பக்கத்து வியாபாரிகள் வழியாக வருபவை. பண்ணைத் தண்ணீர், மொத்த வியாபாரியின் தொட்டி, பை, கடைத் தொட்டி, மறுபடி பை, கடைசியில் உங்கள் வீடு. ஒரே வாரத்தில் இத்தனை முறை தண்ணீர் மாறிய மீனுக்கு எதிர்ப்புச் சக்தி என்ன மிஞ்சும்? போதாக்குறைக்குப் பல கடைகளில் எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலைதான். நான் மீன்வளம் படித்த காலத்தில் விடுதி அறையில் ஏஞ்சல் மீன் வளர்த்தேன். புதிதாக வாங்கிய இரண்டு கப்பியைப் பிடித்த வலையை உதறிவிட்டு அப்படியே ஏஞ்சல் தொட்டியிலும் விட்டேன். ஒரு வாரத்தில் ஏஞ்சல் எல்லாம் காலி. பாடப்புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துத் தேர்வு எழுதி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

வெள்ளைப் புள்ளியைக் கொடுப்பது 'இக்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. அது பல சமயம் முதலில் செவுளில் குடியேறும். அங்கே இருக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. அதனால் நீங்கள் வாங்கிய அன்று மீன் பளிச்சென்று இருந்திருக்கும். கடைக்காரருக்கே தெரியாமல் போயிருக்கவும் கூடும் என்று அவருக்காக ஒரு வார்த்தை சொல்கிறேன். ஆனால் புதுத் தொட்டியையும் பன்னிரண்டு மீனையும் ஒரே நாளில் ஒரே ஆளுக்கு விற்றது இருக்கிறதே, அதற்கு அவருக்கு மன்னிப்புக் கிடையாது. அது தெரிந்தே செய்வது.

ஏன் என்று சொல்கிறேன். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. கழிவும் மிச்சத் தீனியும் அழுகினால் அதுவும் அம்மோனியாதான். பழகிய தொட்டியில் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக்கிவிடும். இந்தக் கூட்டம் ஒரு தொட்டியில் நிலைகொள்ள நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். உங்கள் தொட்டிக்கு வயது நான்கு நாள். அதில் பன்னிரண்டு மீன், அதிலும் இரண்டு கோல்டு ஃபிஷ். அது தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். நான்கு நாளில் கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்த பாக்டீரியாவை நீல மருந்து பாதி கொன்றிருக்கும், மீதியைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் கொன்றிருக்கும். அதே குளோரின், ஏற்கெனவே ஒட்டுண்ணி குடைந்த செவுளையும் எரித்திருக்கும். மீன்கள் காலையில் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின என்று எழுதியிருக்கிறீர்கள். மூச்சு முட்டினால் அப்படித்தான் செய்யும்.

"உங்க தண்ணி சரியில்ல" என்று கடைக்காரர் சொன்னதிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது, அவர் நினைத்த அர்த்தத்தில் இல்லாவிட்டாலும். உங்கள் வீட்டுக்குச் சிறுவாணி வருகிறது. மனிதருக்கு அதைவிட ருசியான தண்ணீர் ஏது? ஆனால் மோலிக்கு அது சப்பென்று இருக்கும். மோலி உப்பும் சுண்ணாம்பும் கலந்த கடினத் தண்ணீர் மீன், கழிமுகங்களில்கூட வாழும். சென்னைப் புறநகர் போர்வெல் தண்ணீரில் பிறந்து வளர்ந்ததை மென்மையான சிறுவாணியில் திடீரென்று விட்டால், நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு நிற்கும். உங்கள் வீடியோவில் வலது ஓரத்து மோலி அதைத்தான் செய்கிறது. நல்லவேளையாக இதற்கும் புள்ளிக்கும் முதல் வைத்தியம் ஒன்றே: உப்பு.

சரி, இப்போது செய்ய வேண்டியது. உங்கள் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். முழுக்க நிரப்பினால் 56 லிட்டர். கல்லையும் மேலே விட்ட இடைவெளியையும் கழித்தால் உள்ளே இருப்பது ஏறக்குறைய 45 லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் வீதம் 90 கிராம் கல் உப்பு வேண்டும். கரண்டிக் கணக்கு வேண்டாம், ஒருவர் வீட்டுக் கரண்டி இன்னொருவர் வீட்டில் இருக்காது. நிறுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று பங்காக்கி, ஒவ்வொரு 30 கிராமையும் ஒரு சொம்புத் தொட்டித் தண்ணீரில் கரைத்து, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் ஊற்றுங்கள். கல்லாகப் போட்டால் மீன் அதை வாயில் எடுத்து வாயைப் புண்ணாக்கிக்கொள்ளும். அயோடின் கலந்த உப்பு மீனைக் கொன்றுவிடும் என்று பலர் பயமுறுத்துவார்கள். அவ்வளவு சிறிய அளவு அயோடின் ஒன்றும் செய்யாது.

உப்பு ஆவியாகாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். தண்ணீர் வற்றினால் வெறும் தண்ணீர் சேருங்கள். 15 லிட்டர் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினால், அந்த 15 லிட்டருக்கான 30 கிராம் மட்டும் சேருங்கள். ஒவ்வொரு முறையும் மொத்த உப்பையும் போட்டு ஒரு வாரத்தில் தொட்டியைக் கடலாக்கியவர்கள் உண்டு.

அடுத்தது சூடு. டிசம்பரில் கோவையில் விடியற்காலை 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குகிறது, மதியம் ஏறுகிறது. இந்த ஏற்ற இறக்கம் 'இக்'குக்குக் கொண்டாட்டம். 50 வாட் ஹீட்டர் ஒன்று வாங்கி 28 டிகிரியில் வையுங்கள். 30 வரை ஏற்றச் சொல்வார்கள், மோலிக்கும் கப்பிக்கும் அது சரிதான். ஆனால் கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன். அது உள்ளே இருக்கும்வரை 28 போதும், அதையும் ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு நாளில் ஏற்றுங்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும், அதனால் ஏர் பம்பிலிருந்து காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் நிற்கவே கூடாது. தொட்டிக்குள் கையை விடுமுன் ஹீட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். வீட்டில் குழந்தை இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சூடு எதற்கு என்று தெரிந்தால் பாதியில் நிறுத்த மாட்டீர்கள். மீன்மேல் தெரியும் புள்ளி ஒவ்வொன்றும் தோலுக்கு அடியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணி. அங்கே அதை உப்பும் தொடாது, மருந்தும் தொடாது. அது கொழுத்ததும் உதிர்ந்து கீழே விழும், கல்லில் ஒட்டிக்கொண்டு மேலே ஓடு கட்டும், உள்ளேயே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகளாகும். ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் அந்தக் குஞ்சுகள் இரண்டு நாளுக்குள் ஒரு மீனைப் பிடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துப்போகும். நம் வைத்தியம் எல்லாம் அந்த இரண்டு நாள் இடைவெளியில்தான் பலிக்கும். குளிர்ந்த தண்ணீரில் இந்தச் சுற்று வாரக்கணக்கில் இழுக்கும். 28 டிகிரியில் நான்கைந்து நாளில் முடிந்துவிடும். அதனால்தான் ஐந்தாம் நாள் மீன் சுத்தமாகத் தெரிந்ததும் "ஆச்சு" என்று நிறுத்தினால் பத்தாம் நாள் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் உப்பும் சூடும் தொடரட்டும்.

கீழே கல்லில் ஒட்டியிருப்பவற்றை டியூப் வைத்து தினமும் உறிஞ்சி எடுங்கள், பாதி எதிரி அங்கேயே ஒழிந்துவிடும். டியூபை வாயால் உறிஞ்சி இழுக்காதீர்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். டியூபைத் தண்ணீருக்குள் முழுவதும் முக்கி நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்து வெளியே எடுத்து, தொட்டி மட்டத்துக்குக் கீழே இறக்கி விரலை விட்டாலே ஓடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை போடுங்கள். மீன் தொட்டித் தண்ணீரில் காசநோய்க் கிருமியின் உறவுக்கார பாக்டீரியா ஒன்று சில சமயம் இருக்கும். காயம் வழியாகப் போனால் விரலில் மாதக்கணக்கில் ஆறாத கட்டியாக நிற்கும்.

தண்ணீர் மாற்றுவது தினமும் கால் பங்கு, அதற்கு மேல் வேண்டாம். பிடித்து வைத்த தண்ணீரில் ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, கை வைத்தால் தொட்டித் தண்ணீரும் இதுவும் ஒரே சூடாகத் தெரிகிற அளவுக்கு வந்ததும் மெதுவாக ஊற்றுங்கள். ஸ்பாஞ்சை இனிமேல் குழாயில் காட்டவே காட்டாதீர்கள். வெளியே எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும், அழுக்காகத் தெரிந்தாலும் அந்த அழுக்குத்தான் உங்கள் தொட்டியின் உயிர். முடிந்தால் அம்மோனியா பார்க்கும் சொட்டு கிட் ஒன்று வாங்குங்கள். மருந்துக்குச் செலவழித்ததைவிட அது பிரயோஜனம். பூஜ்யம் காட்ட வேண்டும். அரை பிபிஎம் (லிட்டருக்கு அரை மில்லிகிராம்) தொட்டால் அன்றைக்குக் கால் பங்கோடு நிறுத்தாமல் மூன்றில் ஒரு பங்கு மாற்றுங்கள். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அவர்கள் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து உங்கள் ஃபில்டரில் செருகுங்கள். ஆறு வாரக் காத்திருப்பு ஒன்றிரண்டு வாரமாகக் குறையும்.

தீனியை இரண்டு நாள் முழுக்க நிறுத்துங்கள், மீன் பட்டினியால் சாகாது. அப்புறம் ஒரு நாளைக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு.

அந்த நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாக இருக்கும். தொட்டி மூலைகளைப் பாருங்கள், கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் நீலம் பாய்ந்திருந்தால் அதேதான், அந்தக் கறை போகாது. முட்டைகளில் பூஞ்சை பிடிக்காமல் காக்க அது அருமையான மருந்து. 'இக்'குக்குச் சுமார்தான், ஃபில்டர் பாக்டீரியாவுக்கோ எமன். உப்பும் சூடும் தொடங்கி ஆறு நாளாகியும் புள்ளி கூடிக்கொண்டே போனால் மாலகைட் கிரீன் கலந்த, லேபிளில் அளவு அச்சிட்ட மருந்தாகக் கேட்டு வாங்குங்கள். சாப்பிடும் மீனுக்குத் தடைசெய்யப்பட்ட ரசாயனம் அது, குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் கேப்சூல் வாங்கி உடைத்துக் கொட்டச் சொல்லும் வைத்தியம் ஒன்று ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ஒட்டுண்ணிக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு? அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இப்போது உங்கள் மூன்றாவது படத்துக்கு வருகிறேன். நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, எனக்கு அதுதான் கவலை. கறுப்பு மோலி ஒன்றின் வாயோரத்தில் சாம்பல் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல இருக்கிறது. இது புள்ளி இல்லை, பூஞ்சையும் இல்லை. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும் ஒரு பாக்டீரியா நோய், காலம்னாரிஸ் என்பார்கள். 'இக்'குக்கு நல்லதான சூடு இதற்கு எண்ணெய் ஊற்றுவது போல. ஆகவே ஹீட்டர் போடுவதற்கு முன் அந்த மோலியைத் தனியாக எடுங்கள். புது பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும், சோப்பு பட்ட வாளி கூடாது. பத்து லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 3 கிராம் உப்பு, ஏர் ஸ்டோன், மேலே ஒரு தட்டு, ஏனென்றால் மோலி துள்ளும். ஹீட்டர் வேண்டாம். தினமும் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். அந்த வாளிக்குத் தனி வலை, தனி டியூப். இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து மற்ற ஆறு மீனின் வாயையும் முதுகையும் பாருங்கள், நேர் வெளிச்சத்தில் தெரியாதது அப்படித் தெரியும்.

இரண்டு நாளில் பஞ்சு பரவினாலோ, முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்தாலோ, மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் அல்லது மீன்வளம் படித்தவரிடம் காட்டித்தான் மருந்து கொடுக்க வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் மீன் பார்ப்பதில்லை, முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். அது பிழைப்பதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு, மறைக்க விரும்பவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு மட்டும் வாங்கும் நிலைக்கு வந்தால் இழுத்தடிக்க வேண்டாம். லிட்டருக்கு அரை மில்லி கிராம்பு எண்ணெயை ஒரு மூடி போட்ட பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு நன்றாகக் குலுக்கி, மீன் இருக்கும் சிறு பாத்திரத்தில் கலந்தால் மயங்கி அடங்கும். செவுள் நின்ற பிறகும் அரை மணி நேரம் அதிலேயே விடுங்கள். மகள் பள்ளிக்குப் போன நேரத்தில் செய்யுங்கள்.

திருப்பிக் கொடுப்பது பற்றி. வேண்டாம். இன்னொரு பைப் பயணத்தை அந்த ஏழும் தாங்காது, கடையில் வேறு தொட்டிக்கும் நோய் போகும். பில்லையும் படங்களையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள், நல்ல கடைக்காரராக இருந்தால் இறந்த மீனுக்குப் பதில் பிறகு தருவார். "இப்பவே எடுத்துட்டுப் போங்க" என்பார், அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். புள்ளி போய், அம்மோனியா தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகு போங்கள். போனதும் மீனைப் பார்க்காதீர்கள், தொட்டி வரிசையைப் பாருங்கள். மூலையில் செத்த மீன், நீலமோ மஞ்சளோ கலந்த தண்ணீர், கல்லில் உடம்பைத் தேய்க்கும் மீன், இதில் ஒன்று பக்கத்துத் தொட்டியில் இருந்தாலும் அன்று வாங்க வேண்டாம். "இது எப்ப வந்த லோடு?" என்று கேளுங்கள். வந்து ஒரு வாரம் கடந்து, தீனி போட்டதும் மேலே ஓடி வருகிற மீன்தான் நமக்கு வேண்டும். கொண்டு வந்ததும் பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, வலையால் மீனை மட்டும் எடுத்துவிடுங்கள், பைத் தண்ணீர் சாக்கடைக்கு. அதுவும் தொட்டியில் இல்லை, அந்த வாளியில், மூன்று வாரம். உங்கள் தொட்டிக்கு இப்போது இருக்கும் மோலியும் கப்பியும் போதும் என்பதும், வளர்ந்தால் ஒரு சாண் நீளம்கூட வரும் கோல்டு ஃபிஷை இடமுள்ள யாருக்காவது கொடுத்துவிடுவது அதற்கே நல்லது என்பதும் என் அபிப்பிராயம். நோய் முற்றிலும் போன பிறகு கொடுங்கள். பாவம் என்று உக்கடம் குளத்தில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் மீனை இப்படிப் பாவம் பார்த்து விட்டதில் தமிழ்நாட்டில் எத்தனையோ நீர்நிலைகளில் அது பெருகி, வலை போடும் மீனவர் கையை அறுக்கிறது. செத்தவற்றைப் பூந்தொட்டி மண்ணில் புதையுங்கள்.

ஒரு சின்ன விஷயம், அந்த கோல்டு ஃபிஷை வைத்திருக்கப்போகிறவருக்கும் சொல்லிவிடுங்கள்: ஆண் கோல்டு ஃபிஷ் பருவத்துக்கு வந்ததும் செவுள் மூடியிலும் பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளை முத்துகள் வரும். அதைப் புள்ளி நோய் என்று மருந்தூற்றிக் கொன்றவர்களை எனக்குத் தெரியும்.

கடைசியாக அந்த வெள்ளை மோலி. உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோய் வந்த மீனை மேலிருந்து பார்த்தால் செதில்கள் அன்னாசிப் பழத் தோல் மாதிரி விறைத்து நிற்கும். உங்கள் படத்தில் செதில்கள் வழுவழுப்பாகப் படிந்திருக்கின்றன, வயிறு கீழே சதுரமாக இறங்கியிருக்கிறது, பின்துடுப்புக்கு முன்னால் நிழல் போல ஒரு கருமை. அவள் சினை. மோலி முட்டையிடாது, குட்டி போடும். மோலிக்குச் சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம், கடையிலேயே தொடங்கியிருக்கும். 2 கிராம் உப்பு அவளுக்கு ஒன்றும் செய்யாது. மருந்து ஊற்றும்படி வந்தால் அவளைத் தனியாக எடுத்துவிடுங்கள். தொட்டி மூலையில் ஒரு கொத்து பிளாஸ்டிக் புல்லை நெருக்கமாகப் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குட்டிகளைப் பெற்றவளே தின்றுவிடுவாள். ஓர் அரிசி அளவில், இரண்டு கண் மட்டும் தெரியும்படி புல்லுக்குள் நிற்கும். காலையில் முதலில் யார் கண்ணில் படுகிறது என்று மகளிடம் சொல்லி வையுங்கள்.